காரணம் எங்கே தெரிகிறது? டேவிட் ஹியூமின் கேள்விக்கு ஓர் எளிய அறிமுகம்

ஒரு பந்து உருண்டு வந்து, நின்றுகொண்டிருக்கும் இன்னொரு பந்தின் மேல் மோதுகிறது. நின்ற பந்து நகர்கிறது. முதல் பந்து மோதியதால்தான் இரண்டாவது நகர்ந்தது என்று சிறு பிள்ளையும் சொல்லிவிடும். 18ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தில் வாழ்ந்த டேவிட் ஹியூம் இந்தச் சாதாரணக் காட்சியை எடுத்துக்கொண்டு, இதில் 'காரணம்' என்பதை நாம் எந்த இடத்தில் பார்த்தோம் என்று கேட்டார். முதல் பந்து வருவது தெரிகிறது, இரண்டும் தொடுவது தெரிகிறது, இரண்டாவது நகர்வதும் தெரிகிறது. மோதினால் நகர்ந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் எந்தப் புலனுக்கும் அகப்படுவதில்லை. வேடிக்கையாகத் தோன்றும் இந்தக் கேள்விக்கு எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விடை இன்றுவரை கிடைக்கவில்லை. அதைக் கேட்டவரின் வாழ்க்கையோடு சேர்த்து அந்தக் கேள்வியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஹியூம் 1711இல் எடின்பரோவில் பிறந்தார். இரண்டு வயதில் தந்தையை இழந்தார்; தாயார் மறுமணம் செய்துகொள்ளாமல் பிள்ளைகளை வளர்த்தார். குடும்பத்துக்கு நிலம் இருந்தது, ஆனால் அது மூத்த மகனுக்கு உரியது. இளையவரான டேவிட்டுக்குக் கிடைத்தது சிறு வருமானமே. பதினொரு வயதுக்குள்ளாகவே எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அவரை வழக்கறிஞராக்க வீட்டார் விரும்பினர். அவரோ சட்டப் புத்தகங்களைப் படிப்பதாகக் காட்டிக்கொண்டு பழைய ரோம எழுத்தாளர்களான சிசரோவையும் வர்ஜிலையும் படித்துக்கொண்டிருந்ததாகத் தம் சுருக்கமான தன்வரலாற்றில் குறிப்பிடுகிறார். பதினெட்டு வயதளவில் சிந்தனையில் ஒரு புதிய வழி திறந்ததாக உணர்ந்து, அளவுக்கு மீறி உழைத்து, உடலும் மனமும் தளர்ந்துபோய்ச் சில ஆண்டுகள் துன்பப்பட்டார். 1734இல் பிரிஸ்டலில் ஒரு சர்க்கரை வணிகரிடம் எழுத்தராகச் சேர்ந்து, சில மாதங்களிலேயே அது தமக்கு ஒத்துவராது என்று கண்டு பிரான்சுக்குப் போனார். அங்கே லா ஃப்ளெஷ் என்ற சிற்றூரில் தங்கினார். தத்துவ அறிஞர் டெகார்ட் இளமையில் படித்த ஏசு சபைக் கல்லூரி அந்த ஊரில்தான் இருந்தது. மனித இயல்பைப் பற்றிய ஹியூமின் முதல் பெருநூலின் பெரும்பகுதி அங்கேதான் எழுதப்பட்டது. 1739இல் அதன் முதல் இரண்டு தொகுதிகள் லண்டனில் வெளிவந்தபோது அவருக்கு வயது 27.

அவர் வாழ்ந்த ஊரின் மனநிலையையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஹியூம் பிறப்பதற்கு 14 ஆண்டுகளுக்கு முன், 1697இல், மதத்தை இகழ்ந்து பேசினார் என்ற குற்றத்துக்காகத் தாமஸ் ஐக்கன்ஹெட் என்ற இளம் மாணவர் அதே எடின்பரோவில் தூக்கிலிடப்பட்டார். பிரிட்டனில் அந்தக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்ட கடைசி மனிதர் அவர். ஹியூமின் காலத்தில் தூக்குக் கயிறு போய்விட்டது, ஆனாலும் சந்தேகத்தைத் துணிந்து எழுதியவருக்குப் பதவி கிடைப்பது எளிதாக இருக்கவில்லை. தம் முதல் நூலை வெளியிடுவதற்கு முன் அதிசயங்களைப் பற்றிய பகுதியை ஹியூம் தாமே நீக்கிவிட்டதற்கு இந்தச் சூழலே காரணம்.

இனி வாதத்துக்கு வருவோம். நம் மனத்தில் உள்ளவற்றை ஹியூம் இரண்டாகப் பிரித்தார். கையைச் சுடும்போது உணரும் சூடு, கண் முன்னே நிற்கும் சிவப்பு, இந்தக் கணத்தில் எழும் கோபம் போன்ற நேரடியான, அழுத்தமான அனுபவங்களைப் பதிவுகள் என்று வைத்துக்கொள்ளலாம். அதே சூட்டையும் சிவப்பையும் கோபத்தையும் பின்னால் நினைத்துப் பார்க்கும்போது கிடைக்கும் மங்கிய நகல்கள் எண்ணங்கள். பொன்மலையை யாரும் பார்த்ததில்லை. ஆனால் பொன்னையும் மலையையும் தனித்தனியே பார்த்திருப்பதால் இரண்டையும் இணைத்துக் கற்பனை செய்கிறோம். மனம் எவ்வளவு தூரம் பறந்தாலும் அதன் மூலப்பொருள் அனுபவத்திலிருந்து வந்ததாகவே இருக்கும் என்பது அவருடைய கொள்கை. இதிலிருந்து ஒரு சோதனை கிடைக்கிறது: தத்துவவாதிகள் ஒரு பெரிய சொல்லைப் பயன்படுத்தினால், அந்தச் சொல் குறிக்கும் எண்ணம் எந்தப் பதிவிலிருந்து பிறந்தது என்று கேட்க வேண்டும். பதிவு எதையும் காட்ட முடியாவிட்டால் அந்தச் சொல்லின் பொருளையே சந்தேகிக்கலாம்.

இன்னொரு பிரிவும் தேவை. ஐந்தை மூன்றால் பெருக்கினால் முப்பதில் பாதி வரும் என்பது, உலகில் எண்ணுவதற்கு ஒரு பொருளும் இல்லாவிட்டாலும் உண்மை. அதை மறுத்தால் முரண்பாடு உண்டாகும். நாளைக்குச் சூரியன் உதிக்கும் என்பது அப்படிப்பட்ட உண்மையன்று. உதிக்காது என்று சொல்வதில் தவறு இருக்கலாம், முரண்பாடு இல்லை. சூரியன் உதிக்காத ஒரு காலைப்பொழுதை மனத்தில் தெளிவாகவே கற்பனை செய்ய முடிகிறது. முதல் வகை உண்மைகளை உட்கார்ந்த இடத்திலிருந்தே சிந்தித்துக் கண்டுபிடிக்கலாம். உலகம் எப்படி இருக்கிறது என்று சொல்லும் இரண்டாம் வகை உண்மைகளை அப்படிக் கண்டுபிடிக்க முடியாது.

அப்படியானால், நம் கண்ணெதிரில் இல்லாத எதையும் நாம் எப்படி அறிகிறோம்? காரணத்தையும் விளைவையும் இணைத்துப் பார்த்துத்தான் என்கிறார் ஹியூம். ஆளில்லாத தீவில் ஒரு கடிகாரத்தைக் கண்டெடுத்தால், முன்பு இங்கே மனிதர்கள் வந்திருக்கிறார்கள் என்று முடிவு செய்கிறோம். இந்த இணைப்பு எங்கிருந்து வருகிறது? இதற்கு அவர் தரும் எடுத்துக்காட்டு அழகானது. படைக்கப்பட்ட முதல் நாளில் ஆதாமின் அறிவு முழு வளர்ச்சி பெற்றிருந்தது என்றே வைத்துக்கொள்வோம். தண்ணீரின் தெளிவையும் நெகிழ்வையும் பார்த்து, இதில் மூழ்கினால் மூச்சுத் திணறும் என்று அவன் சொல்லியிருக்க முடியுமா? நெருப்பின் ஒளியையும் இதமான சூட்டையும் உணர்ந்து, இது தன்னைப் பொசுக்கிவிடும் என்று ஊகித்திருக்க முடியுமா? முடியாது. எவ்வளவு கூர்மையான அறிவும், முன்னனுபவம் இல்லாமல், ஒரு பொருளின் தோற்றத்தை மட்டும் வைத்து அதன் விளைவைச் சொல்ல இயலாது.

ஆகவே அனுபவம்தான் ஆசிரியர். இதுவரை ஹியூம் சொன்னதை அவருக்கு முன்பிருந்த ஜான் லாக் போன்ற, அறிவெல்லாம் அனுபவத்திலிருந்தே வருகிறது என்ற அனுபவவாதிகளும் பெரும்பாலும் ஏற்றிருப்பார்கள். அடுத்த அடிதான் புதியது. நேற்றுவரை நான் உண்ட ரொட்டி எனக்கு ஊட்டம் தந்தது என்று அனுபவம் சொல்கிறது. நாளை உண்ணப்போகும் ரொட்டியும் ஊட்டம் தரும் என்று அது சொல்லவில்லை. நாளை இன்னும் அனுபவத்துக்குள் வரவில்லை. 'இதுவரை இப்படி இருந்தது' என்பதிலிருந்து 'இனியும் இப்படியே இருக்கும்' என்பதற்குத் தாவும்போது, இயற்கை தன் நடையை மாற்றிக்கொள்ளாது என்ற ஓர் அனுமானத்தை நாம் சொல்லாமலே சேர்த்துக்கொள்கிறோம். அந்த அனுமானத்துக்கு என்ன ஆதாரம்? அது கணித உண்மை போன்றதன்று. இயற்கை மாறுவதைக் கற்பனை செய்ய முடிகிறது. அனுபவத்தை ஆதாரமாகக் காட்டலாமென்றால், 'இயற்கை இதுவரை மாறவில்லை, ஆகவே இனியும் மாறாது' என்று சொல்ல வேண்டியிருக்கும். நிறுவ வேண்டிய அனுமானத்தையே இங்கே ஆதாரமாக வைத்துவிடுகிறோம். செக்கைச் சுற்றும் மாடுபோல வாதம் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறது. தனித்தனி நிகழ்ச்சிகளிலிருந்து பொதுவிதிக்குப் போகும் முறையைத் தொகுத்தறிதல் என்பார்கள். அதற்கு நேர்ந்த இந்தச் சிக்கலே 'தொகுத்தறிதலின் சிக்கல்' என்று தத்துவ நூல்களில் பேசப்படுகிறது.

பகுத்தறிவு தராத இந்த நம்பிக்கையை வேறு எது தருகிறது? பழக்கம் என்பது ஹியூமின் விடை. நெருப்பும் சூடும் மீண்டும் மீண்டும் சேர்ந்தே வருவதைக் கண்ட மனம், நெருப்பைக் கண்டவுடன் சூட்டை எதிர்பார்க்கத் தொடங்குகிறது. எதிர்பார்க்காமல் இருக்க அதனால் முடிவதில்லை. இவ்வாறு மனத்துக்குள் எழும் உந்துதலைத்தான் நாம் வெளியே இருக்கும் பொருள்களின் மேல் ஏற்றி, அவற்றுக்கிடையே ஒரு கட்டாயத் தொடர்பு இருப்பதாகச் சொல்கிறோம். பந்துகளின் மோதலில் தேடிக் கிடைக்காத கட்டாயம் பார்ப்பவரின் மனத்தில் அகப்பட்டுவிட்டது. அடி வாங்கிய நாய் ஓங்கிய சாட்டையைக் கண்டதும் அஞ்சுவதும் இதே வழியில்தான் என்று அவர் எழுதினார். மனிதனின் அறிவுக்கும் விலங்கின் அறிவுக்கும் இடையே மதவாதிகளும் தத்துவவாதிகளும் எழுப்பியிருந்த சுவரை அவர் இப்படிப் போகிற போக்கில் தாண்டிச் சென்றது, என் கணிப்பில், அவருடைய எழுத்தின் மிகத் துணிவான இடங்களில் ஒன்று.

இங்கே தொடக்க நிலை வாசகர்கள் வழக்கமாக இடறுவார்கள். காரணமே கிடையாது என்றோ, நாளை நெருப்பில் கை வைத்துப் பார்க்கலாம் என்றோ ஹியூம் சொல்லவில்லை. காரணமின்றி ஒன்று தோன்றக்கூடும் என்ற அபத்தமான கருத்தைத் தாம் ஒருபோதும் சொன்னதில்லை என்று 1754இல் ஒரு கடிதத்தில் அவரே எழுதியிருக்கிறார். அந்த உறுதி எந்த ஊற்றிலிருந்து வருகிறது என்பதே அவருடைய கேள்வி. பழக்கத்தை மனித வாழ்வின் பெரும் வழிகாட்டி என்று அவர் அழைத்தார். அது இல்லாவிட்டால் கண்முன் இருப்பதைத் தாண்டி ஒன்றும் அறியாதவர்களாக இருப்போம், ஒரு வேலையும் செய்ய முடியாது. தம் சந்தேகங்களில் மூழ்கி மனம் இருண்டுபோகும்போது நண்பர்களோடு உணவருந்தி, பகடை ஆடி, சிரித்துப் பேசிவிட்டுத் திரும்பினால் அந்தச் சந்தேகங்களே செயற்கையாகத் தெரிகின்றன என்று முதல் நூலிலேயே ஒப்புக்கொண்டவர் அவர்.

எல்லா நம்பிக்கையும் பழக்கத்தின் மேல்தான் நிற்கிறது என்றால், நல்ல நம்பிக்கைக்கும் மூடநம்பிக்கைக்கும் வேறுபாடு என்ன என்று கேட்கலாம். ஆதாரத்தின் அளவுக்கு நம்பிக்கையை அளந்து வைப்பவரே அறிவாளி என்று ஹியூம் விடை சொன்னார். விதிவிலக்கே இல்லாமல் கண்டதை முழு உறுதியோடு எதிர்பார்க்கலாம். சில நேரம் நடந்து சில நேரம் நடக்காததை அந்த அளவுக்குத்தான் எதிர்பார்க்க வேண்டும். அதிசயங்களைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற வாதம் இதிலிருந்தே பிறந்தது. இயற்கை விதியை மீறி ஒன்று நடந்ததாக ஒருவர் சாட்சி சொன்னால், அந்த நிகழ்ச்சி உண்மையாக இருப்பதைவிட அந்தச் சாட்சி பொய்யாகவோ தவறாகவோ இருப்பது அதிக அதிசயமாக இருக்குமா என்று எடைபோட்டுப் பார்க்க வேண்டும். இதே இடத்தில் அவர் ஓர் இந்திய இளவரசனைக் கொண்டுவருகிறார்: உறைபனியைப் பற்றி முதன்முதலாகக் கேள்விப்பட்டு அதை நம்ப மறுத்தவன். வெப்ப நாட்டில் வாழ்ந்த அவன் சரியாகவே சிந்தித்தான் என்பது ஹியூமின் தீர்ப்பு. அவனுடைய அனுபவத்தில் அதற்கு எதிரானது இல்லாவிட்டாலும் அதற்கு இணையானதும் இல்லை, ஆகவே அவனை நம்பவைக்க வலுவான சாட்சியம் வேண்டியிருந்தது. இந்த விளக்கம் எனக்கு முழு நிறைவு தருவதில்லை. சரியாகச் சிந்தித்தே தவறான முடிவுக்கு வந்த அந்த இளவரசனின் நிலையில் நாமும் இருக்கலாம் என்ற எண்ணத்தை அது தூண்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது.

அறத்தைப் பற்றியும் அவர் ஒரு சிறிய பத்தியில் பெரிய வேலை செய்தார். கடவுள் இருக்கிறார், மனிதன் இப்படிப்பட்டவன் என்று 'இருக்கிறது' என்ற வகையில் பேசிக்கொண்டே போகும் ஆசிரியர்கள், திடீரென்று 'செய்ய வேண்டும்', 'செய்யக்கூடாது' என்று பேசத் தொடங்குவதைத் தாம் கவனித்ததாகவும், இந்த மாற்றத்துக்கு அவர்கள் விளக்கம் தருவதே இல்லை என்றும் அவர் எழுதினார். உண்மைகளை மட்டும் அடுக்கிக் கடமையை வரவழைக்க முடியாது. இடையில் மனித உணர்வு ஒன்று நின்றாக வேண்டும். பகுத்தறிவு உணர்ச்சிகளின் அடிமை என்ற அவருடைய புகழ்பெற்ற கூற்றும் இதைச் சார்ந்ததே. எந்த வழியில் போனால் ஊர் வரும் என்று அறிவு சொல்லும்; அந்த ஊருக்குப் போக விரும்புவது உணர்ச்சி.

முதல் நூல் 'அச்சகத்திலிருந்து செத்தே பிறந்தது' என்று அவரே பின்னாளில் வருந்தினார். மதிப்புரைகள் சில வந்திருந்ததால் அதில் கொஞ்சம் மிகை உண்டு. 1748இல் அதன் அறிவுக் கோட்பாட்டை எளிய நடையில் மாற்றி எழுதினார். இன்று தொடங்குபவர்கள் படிக்க ஏற்றதும் அந்தச் சிறு நூல்தான். பேராசிரியர் பதவிக்கு 1745இல் எடின்பரோவிலும், சில ஆண்டுகள் கழித்துக் கிளாஸ்கோவிலும் அவர் பெயர் பேசப்பட்டு, நாத்திகர் என்ற பேச்சால் இரண்டும் கைநழுவின. 1752இல் எடின்பரோ வழக்கறிஞர் சங்க நூலகத்தின் காப்பாளரானார். ஆண்டுச் சம்பளம் 40 பவுண்டு. அவர் வாங்கிய சில பிரெஞ்சு நூல்களை ஒழுக்கக்கேடானவை என்று நிர்வாகிகள் நீக்கியபோது, நூல்களின் பயன் தமக்கு வேண்டியிருந்ததால் வேலையை விடாமல், சம்பளத்தை மட்டும் பார்வையற்ற கவிஞர் தாமஸ் பிளாக்லாக்குக்குக் கொடுத்துவிட்டார். அந்த நூலகத்தின் துணையோடு 1754 முதல் 1762 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த இங்கிலாந்து வரலாறுதான் அவருக்குப் பணமும் பெரும் புகழும் தந்தது. 1763இல் பிரிட்டிஷ் தூதருடன் பாரிஸுக்குப் போனபோது அங்கத்திய அறிஞர்கள் அவரைக் கொண்டாடினர். 1766இல் அடைக்கலம் தேடிய தத்துவ எழுத்தாளர் ரூசோவை இங்கிலாந்துக்கு அழைத்து வந்து, சில மாதங்களில் அவருடைய சந்தேகத்துக்கே ஆளாகி, அந்தச் சண்டை ஐரோப்பா முழுவதும் பேசப்பட்டது தனிக் கதை.

1776 ஜூலையில், குடல் நோயால் இறந்துகொண்டிருந்த ஹியூமை எழுத்தாளர் ஜேம்ஸ் பாஸ்வெல் போய்ப் பார்த்தார். சாவின் வாசலிலாவது மறுமையை நம்புவாரா என்று அறிய அவருக்கு ஆசை. மறுவாழ்வு இருக்கக்கூடும் அல்லவா என்று கேட்டபோது, நெருப்பில் போட்ட நிலக்கரி எரியாமல் இருப்பதும் கூடத்தான் செய்யும் என்று ஹியூம் பதில் சொன்னார். முரண்பாடு இல்லாத எதுவும் நடக்கக்கூடியதே, ஆனால் நம்புவதற்கு அது போதாது என்ற அவருடைய தத்துவம் முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. ஆகஸ்டு 25இல் அமைதியாக இறந்தார். அவர் மனிதப் பலவீனம் அனுமதிக்கும் அளவுக்கு முழு ஞானமும் நற்குணமும் உடையவர் என்று அவருடைய நண்பரான பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் ஒரு கடிதத்தில் எழுதினார். பிரிட்டனின் வணிக முறை முழுவதையும் தாம் தாக்கி எழுதியதற்குக் கிடைத்ததைப்போலப் பத்து மடங்கு வசவு அந்தச் சிறு கடிதத்துக்குக் கிடைத்தது என்று ஸ்மித் பிறகு குறிப்பிட்டார்.

அவருடைய தாக்கத்தில் முதலிடம் ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இமானுவல் கான்டுக்கு உரியது. ஹியூமின் நினைவே கேள்வி கேட்காமல் கோட்பாடுகளை நம்பிக் கிடந்த உறக்கத்திலிருந்து தம்மை எழுப்பியது என்று 1783இல் கான்ட் எழுதினார். காரணத்தில் உள்ள கட்டாயத்தைப் புலன்கள் காட்டாது என்பதில் ஹியூமோடு உடன்பட்ட அவர், காரணம் என்ற கருத்து அனுபவமே சாத்தியமாவதற்கு மனம் முன்கூட்டியே கொண்டுவரும் வடிவம் என்று சொல்லி, பழக்கத்தின் இடத்தில் அறிவின் அமைப்பை வைத்தார். ஜெர்மானியத் தத்துவத்தின் பெரும்பகுதி இந்த விடையிலிருந்து கிளைத்தது. இன்னொரு பக்கம், அதிசயங்களைப் பற்றிய வாதத்தை மறுக்க முனைந்த ரிச்சர்ட் பிரைஸ், தம் மறைந்த நண்பர் தாமஸ் பேயஸின் நிகழ்தகவுக் கணிதத்தை 1767இல் பயன்படுத்தினார். ஆதாரத்துக்கு ஏற்ப நம்பிக்கையைத் திருத்தும் அந்தக் கணிதம் இன்று மருத்துவ ஆய்விலும் கணினித் துறையிலும் அன்றாடக் கருவியாகிவிட்டது. சார்பியல் கோட்பாட்டைக் கண்டடைவதற்குச் சற்று முன் ஹியூமை ஆர்வத்தோடு படித்ததாகவும், அந்தப் படிப்பு இல்லாவிட்டால் தாம் அந்தத் தீர்வுக்கு வந்திருக்க மாட்டோம் என்பது மிகவும் சாத்தியம் என்றும் 1915இல் ஒரு கடிதத்தில் ஐன்ஸ்டைன் எழுதினார். காலம் என்ற சொல்லுக்கு அளந்து பார்க்கும் அனுபவத்தில் என்ன பொருள் என்று அவர் கேட்டதில் ஹியூமின் பழைய சோதனையை அடையாளம் காணலாம். 20ஆம் நூற்றாண்டில் அறிவியல் தத்துவ அறிஞர் கார்ல் பாப்பர், ஹியூமின் வாதத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு, அறிவியல் தொகுத்தறிதலால் வளர்வதே இல்லை, துணிந்த ஊகங்களைப் பொய்ப்பிக்க முயன்றே வளர்கிறது என்றார். இது பாதி வழிக்குத்தான் உதவுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பல சோதனைகளில் தப்பிய பாலத்தின் மேல் நாளைக்கு வண்டியை ஓட்டத் துணியும்போது, நாம் மறுபடியும் நேற்றிலிருந்து நாளைக்குத் தாவுகிறோம். எடின்பரோவின் முக்கியத் தெருவில் இருக்கும் ஹியூம் சிலையின் கால் பெருவிரலைத் தொட்டால் நல்லது நடக்கும் என்று மாணவர்களும் பயணிகளும் தேய்த்துத் தேய்த்து அது பளபளத்துக் கிடக்கிறது. பழக்கத்தின் வலிமையைப் பற்றிய அவருடைய கருத்துக்கு இதைவிட நல்ல சான்று அந்த ஊரில் வேறில்லை.

அவரைப் போற்றுபவர்கள் மறைக்கக்கூடாத ஒரு பக்கமும் உண்டு. நாடுகளின் குணங்களைப் பற்றிய தம் கட்டுரை ஒன்றில் 1753இல் சேர்த்த அடிக்குறிப்பில், வெள்ளையரல்லாத இனங்கள் இயல்பிலேயே தாழ்ந்தவை என்று சந்தேகிப்பதாக அவர் எழுதினார். ஜமைக்காவில் கல்வியில் சிறந்த ஒரு கருப்பர் இருப்பதாகச் சொல்லப்படுவதை, சில சொற்களைத் தெளிவாகப் பேசும் கிளியைப் புகழ்வது போன்றது என்று ஒதுக்கினார். அக்காலத்தின் குறை என்று இதைக் கடந்துபோவது சரியாகாது. அபெர்டீன் பேராசிரியர் ஜேம்ஸ் பீட்டி 1770இலேயே இதைக் கண்டித்தார். அடிமை நிலையில் வைக்கப்பட்ட மக்களைக் கொண்டு அவர்களுடைய இயல்பை முடிவு செய்ய முடியாது என்று வாதிட்டார். பீட்டி தத்துவத்தில் ஹியூமுக்கு இணையானவர் அல்லர், ஆனால் இந்த இடத்தில் ஆதாரத்தின் அளவுக்கு நம்பிக்கையை அளந்தவர் அவர்தான். ஹியூம் இறந்தபின் 1777இல் வந்த திருத்திய பதிப்பில் அந்த அடிக்குறிப்பு கருப்பரை மட்டும் குறிப்பதாகச் சுருக்கப்பட்டது, நீக்கப்படவில்லை. 2020இல் எடின்பரோ பல்கலைக்கழகம் தன் வளாகத்தில் ஹியூமின் பெயரைத் தாங்கியிருந்த கோபுரக் கட்டடத்தை, அது நிற்கும் முகவரியான ஜார்ஜ் சதுக்கம் 40 என்ற பெயரால் அழைக்க முடிவு செய்தது. தத்துவத் துறையின் பாடத்திட்டத்தில் அவருடைய நூல்கள் தொடர்கின்றன.